கசக்காத கஷாயம்

"எங்க அண்ணிய உள்ள தள்ளணும் சார். அதுக்கு என்ன ஆதாரம் வேணுமோ, நீங்க எடுத்துக் குடுங்க."

வந்தவள் குடையைக்கூட மடக்கவில்லை. அறை முழுக்கத் தண்ணீர் சொட்டியது. ஊரில் எல்லோராலும் 'நிதானம்' என்றே அழைக்கப்படும் அந்தத் துப்பறியும் நிபுணர், குடையை அவள் கையிலிருந்து வாங்கி, மடக்கி, மூலையில் சாத்திவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தீப்பிடித்த வீட்டைப் பார்க்கக் கிளம்பினாலும் சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போகிற மனிதர் அவர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பொய்யான கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்.

"உக்காரும்மா. முதல்ல யாருக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லு. யாரை உள்ள தள்ளறதுன்னு அப்புறம் பாக்கலாம்."

"அண்ணிதான்னு அவங்களே சொல்றாங்களே அத்தான்! வண்டிய எடுக்கட்டுமா?" என்றான் பக்கத்து மேஜையில் இருந்தவன். நிதானத்தின் மனைவியுடைய தம்பி. நல்லவன்தான், ஆனால் யோசிப்பதற்கு முன்னாலேயே முடிவுக்கு வந்துவிடுகிற அவசரக்குடுக்கை. சொந்த வேலை என்று ஒன்று இருந்ததை மறந்துவிட்டு அத்தான் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ கொஞ்சம் வாயை மூடு" என்றார் நிதானம், கோபமே இல்லாமல்.

அவள் அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னாள். அடுத்த ஊரில் தையற்கடை வைத்திருப்பவள். அவளுடைய அம்மா இங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறார். இருதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் மாத்திரை. அண்ணனுக்கோ மரக்காளான் வளர்ப்பதுதான் தொழில்.

"சாப்பிடற காளான் இல்ல சார். மரத்துல தட்டு தட்டா, பலகை மாதிரி கெட்டியா முளைக்குமே, அது. சீவிக் காயவெச்சு, கொதிக்கவெச்சு மருந்தாக் குடிப்பாங்க. ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே டாக்டர் எங்க எல்லாரையும் நிக்கவெச்சுச் சொன்னாரு, 'உங்க வீட்டுக் காளான் ரத்தத்தை இளக்கக்கூடியது, இந்த மாத்திரையோட அது சேரவே கூடாது'ன்னு. அன்னையிலேருந்து அம்மா அந்தக் காளான் கொட்டகைப் பக்கமே போறதில்ல."

முந்தாநாள் குளியலறை வாசலில் அம்மாவுக்குக் கால் தடுக்கியிருக்கிறது. தலையில் லேசான அடிதான். ஆனால் மண்டைக்குள் இரத்தக் கசிவு நிற்கவில்லை. மாத்திரை கூடுதலாகப் போயிருக்குமோ என்று எண்ணிப் பார்த்தார்கள். கணக்கு சரியாக இருந்தது. மாத்திரைக்கு எதிர் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. வேறு ஏதோ உடம்புக்குள் போயிருக்கிறது என்கிறார் டாக்டர். என்னவென்று தெரியாமல் அடுத்த மருந்தைக் கொடுக்க அவருக்குப் பயம். அம்மாவுக்கோ நினைவு இல்லை.

"யார் மேல சந்தேகம்னு முதல்ல சொன்னது நீயா?"

"அண்ணன்தான். 'சமையல் அவ கையில, மாத்திரை அவ கையில, என்ன கலந்தாளோ'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. எனக்கும் அப்பதான் பொறி தட்டிச்சு. எங்கம்மா எப்பேர்ப்பட்ட ஆளு தெரியுமா? உப்பு ஒரு கல்லு கூடினாலும் தட்டைத் தள்ளிவெச்சுட்டு எழுந்துடுவாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து அண்ணி சமையலை ஒரு நாள்கூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல. கொஞ்ச நாளா எதைப் போட்டாலும் சத்தமில்லாம சாப்பிடறாங்க. போன மாசம் நான் வந்தப்ப, அம்மாவுக்குப் பிடிக்குமேன்னு எலுமிச்சைக் கேக் செஞ்சுட்டு வந்தேன். 'எப்படிம்மா இருக்கு'ன்னு கேட்டா, 'இருக்கு'ன்னாங்க. அவ்வளவுதான். அண்ணிகிட்ட பயந்துபோயிருக்காங்க சார்! மிரட்டி வெச்சிருக்கா!"

நிதானம் எழுந்து சட்டைக் கை மடிப்பைச் சரி செய்துகொண்டார். "இப்ப வண்டிய எடு, மச்சான்" என்றார்.

அண்ணன் வீட்டுச் சமையலறை துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவளை ஆஸ்பத்திரி வாசலில்கூட விடவில்லை. கண் வீங்கியிருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாளே தவிர, வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அத்தை எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"என்ன குடுத்தேன்னு சொல்லு, நல்லா ஆயிடுவாங்க" என்றாள் நாத்தனார்.

நிதானம் நடுவில் புகுந்தார். "மாத்திரை எப்படிக் குடுப்பீங்கம்மா?"

அவள் அலமாரியைத் திறந்து காட்டினாள். மாத்திரை டப்பா, ஒரு சின்னக் கிண்ணம், ஒரு தேன் பாட்டில். "ரத்தத்து மாத்திரை சும்மா தண்ணியில. இன்னொண்ணு பிரஷருக்கு, பாதியா உடைச்சுக் குடுக்கணும். உடைச்சா கசக்கும். அத்தைக்குக் கசப்புன்னாலே ஆகாது, மூஞ்சைத் திருப்பிக்குவாங்க. அதனால தேன்ல குழைச்சு ஊட்டிடுவேன். முந்தாநாள் காலையிலகூட அப்படித்தான் குடுத்தேன்."

மச்சான் ஓடிப்போய்த் தேன் பாட்டிலை முகர்ந்தான். ஒரு விரல் தொட்டு நக்கினான். இன்னொரு விரலும் நக்கினான்.

"போதும்" என்றார் நிதானம்.

"சோதனைக்குத்தான் அத்தான்."

"அத்தை கொஞ்ச நாளா உங்க சமையலைக் குறை சொல்றதில்லையாமே?"

அந்தக் கேள்விக்கு அவள் முகம் மாறியது. இரண்டு நாள் அழுகைக்கு நடுவில் அதில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"ஆமா சார். மழைக்கு முன்னாடி ஒரு விஷக்காய்ச்சல் வந்து படுத்திருந்தாங்க. நான்தான் ராவும் பகலும் கூடவே இருந்தேன். அதுலேருந்து ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. ஒரு நாள் நான் மறந்துபோய் சூப்புல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன். எங்களால வாயில வைக்க முடியல. அவங்க முழுசாக் குடிச்சுட்டுக் கிண்ணத்தைக் கழுவி வெச்சாங்க. இத்தனை வருஷம் கழிச்சு என்னை ஏத்துக்கிட்டாங்கன்னு..."

"நடிப்பைப் பாருங்க!" என்றாள் நாத்தனார்.

"அத்தை வெளிய எங்கயாவது போவாங்களா?"

"காலையில மட்டும் மகனோட கொட்டகை வரைக்கும் ஒரு நடை. அங்க வாசல்ல பெஞ்சு போட்டிருக்கு. மகன் பக்கத்துல உக்காந்து பேசறதுல அவங்களுக்கு ஒரு சந்தோஷம். நான் போறதில்ல. அந்தத் தூள் பட்டாலே எனக்கு மூச்சு இழுக்கும்."

கொட்டகை வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தின் கோடியில் இருந்தது. உள்ளே ஈரமும் இருட்டும் மரவாசனையும். அலமாரி அலமாரியாக மரத்தூள் அடைத்த பைகள். பைகளின் வாயிலிருந்து சிவப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளவென்று காளான் தட்டுகள் நீண்டிருந்தன. முற்றிய காளான்கள் உதிர்க்கும் பழுப்புத் தூள் எங்கும் படிந்திருந்தது. ஜன்னல் கம்பி, தராசு, நாற்காலி, சுவரில் மாட்டிய காலண்டர், எல்லாமே கோகோ தூவினாற்போல் ஒரே நிறம். மச்சான் மேஜையில் விரலால் தன் பெயரை எழுதிப் பார்த்தான்.

காளான்காரன் உள்ளே பைகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து குளிக்க வந்தவன். முகம் களைத்திருந்தது. ஆனால் காளானைப் பற்றிக் கேட்டதுமே களைப்பு பறந்துவிட்டது.

"தூக்கம் வராதவங்களுக்குத் தூக்கம் வரும் சார். அசதி போகும். உடம்புக்கு எதிர்ப்பு சக்தி. எத்தனை நாட்டுல ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க தெரியுமா? நம்ம டாக்டருக்கு மட்டும் இது வெறும் விறகு. மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு."

"அவரே ரத்தத்தை இளக்கும்னும் சொன்னாராமே. விறகு எப்படி இளக்கும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்!" என்று குதித்தான். "குணமே இல்லேன்னா கெடுதல் மட்டும் எப்படி வரும்? நல்லது பண்ற பொருள் கெட்டது பண்ணாது சார்."

நிதானம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் மின்னடுப்பின் மேல் ஒரு பானையில் கருங்கஷாயம் இருந்தது. அதற்கு மேலே ஆணிகளில் வரிசையாகக் கோப்பைகள். எல்லாவற்றின் மேலும் பழுப்புத் தூள். இரண்டு மட்டும் கழுவிவைத்த மாதிரி வெள்ளையாகத் தொங்கின.

"நீங்க குடிக்கிறதா?"

"தினமும் காலையில. நான் மட்டும்தான். வீட்ல வேற யாரும் தொடமாட்டாங்க. பாக்கறீங்களா?" தூள் படிந்த கோப்பை ஒன்றை எடுத்துக் கழுவி, ஊற்றி நீட்டினான். நிதானம் கைநீட்டுவதற்குள் மச்சான் வாங்கி ஒரே மடக்காக வாயில் விட்டுக்கொண்டான். அடுத்த நொடி வாசலுக்கு ஓடினான். எட்டிக்காய் கெட்டது! அவன் துப்பிய சத்தத்தில் கூரையிலிருந்த காக்கை பறந்தது. "ஐயோ அத்தான்... நாக்கே போச்சு... தண்ணி, தண்ணி!"

காளான்காரன் சிரித்தான். "உங்க உடம்புக்கு இது தேவையில்ல. அதான் துப்பிட்டீங்க. தேவைப்படற உடம்பா இருந்தா நாக்கு தானா ஏத்துக்கும். கசப்பே தெரியாது."

"அப்படி முதல் தடவையே கசப்பு தெரியாம குடிச்சவங்க யாரையாவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்" என்றான், கண்கள் மின்ன. பிறகு, பையைத் திருப்பியபடி, "யாரோ ஒரு வாடிக்கையாளர்" என்றான்.

வண்டியில் ஏறியதும் மச்சான் தொடங்கினான். "அத்தான், எனக்கு ஒண்ணு புரிஞ்சுபோச்சு. இந்தச் சனியனை யாருக்கும் தெரியாம குடுக்கவே முடியாது. எதுல கலந்தாலும் காட்டிக் குடுத்துடும். அப்ப அந்தம்மா உடம்புல போனது காளானே இல்ல!"

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"ஆஸ்பத்திரிக்கு விடு. வீட்டுலேருந்து அந்த அண்ணியையும் நாத்தனாரையும் ஏத்திக்க. அவங்க புருஷனும் நம்ம பின்னாலயே வரட்டும்."

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தீவிரச் சிகிச்சை அறைக்கு வெளியே, வரிசையாக நாற்காலிகள். நிதானம் முதலில் டாக்டரிடம் தனியாக ஏதோ கேட்டார். டாக்டர் யோசித்து, தலையாட்டி, கூடவே வந்தார். அண்ணியைப் பார்த்ததும் அண்ணன், "இவளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கத்தினான். தங்கை அவனுக்கும் அண்ணிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நேரம் இல்ல" என்றார் டாக்டர். "ரத்தம் உறைய உதவற தட்டணுக்கள்னு இருக்கு. காளான் உள்ள போயிருந்தா அதுதான் கெட்டிருக்கும். வெளியிலேருந்து ஏத்தினா கசிவு நிக்கும். காளான் இல்லாம வேற காரணமா இருந்து, தெரியாம ஏத்திட்டேன்னா, வால்வுல ரத்தம் கட்டி உயிரே போயிடலாம். முதல் நாளே கேட்டேன், காளான் குடுத்தீங்களான்னு. இல்லவே இல்லன்னாரு மகன்."

"குடுக்கவும் முடியாதே டாக்டர்" என்றார் நிதானம். "அந்தக் கசப்பைத் தெரியாம குடுக்க முடியாது. என் மச்சானைக் கேளுங்க. ஆனா ஒரே ஒரு ஆளுக்குக் குடுக்கலாம்." அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க அம்மாவுக்கு அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நாக்குல ருசியே இல்ல. உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. அப்படி ஆகறது உண்டுன்னு டாக்டரும் சொல்றாரு."

தங்கை வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! அப்ப அந்தக் கேக்கு..."

அண்ணி பெரிய திட்டு விழுந்தவளைப் போல நின்றாள். "சூப்பு..." என்றாள். அந்த ஒரு வார்த்தையோடு அவளுடைய இரண்டு மாதச் சந்தோஷம் கரைந்துபோனதை எல்லோருமே பார்த்தார்கள்.

"அப்ப... உடம்பு ஏத்துக்கலையா?"

அண்ணன்தான். சத்தமே வராத குரல். உள்ளே கருவிகள் போடும் 'பீப்' சத்தம் மட்டும் கேட்டது.

"யார் உடம்பு எதை ஏத்துக்கல தம்பி?" என்று கேட்டார் நிதானம்.

அவன் நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி இல்லாத இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கஷாயம்... தினமும் காலையில... காபியில கலந்து... டாக்டர், தப்பா நினைக்கலை, நல்லதுக்குத்தான்..."

டாக்டர் முழுவதையும் கேட்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். 'தட்டணு, உடனே' என்று அவர் கத்தியது தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது.

"நீயா?" என்றாள் தங்கை. "அண்ணா, நீயா?"

விஷயம் இவ்வளவுதான். ஒரு காலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அம்மா தன் காபி என்று நினைத்து மகனுடைய கஷாயக் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டார். முகம் சுளிக்கவில்லை. முழுவதையும் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். மகனுக்குப் புல்லரித்துவிட்டது. கசப்பையே பொறுக்காத அம்மாவின் நாக்கு ஏற்றுக்கொண்டது என்றால், உடம்பு அதைக் கேட்கிறது என்றுதானே பொருள்! மறுநாளிலிருந்து காபியில் கலந்து கொடுத்தான். அம்மா நன்றாகத் தூங்கினார். முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்ச நாளில் மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிடும், அப்போது அந்த டாக்டர் முகத்தில் கரியைப் பூசலாம் என்று காத்திருந்தான்.

"எப்படி அத்தான்?" என்றான் மச்சான். வழக்கமான துள்ளல் குரலில் இல்லை.

"குடுத்தவங்களுக்கு அந்தம்மா கசப்பைக் கண்டுக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். இந்த மருமகளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா முந்தாநாள் வரைக்கும் மாத்திரையைத் தேன்ல குழைச்சுட்டு இருக்கமாட்டா. மகளுக்கும் தெரியாது, கேக் செஞ்சு எடுத்துட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டிருக்கா. அம்மா கொட்டகைப் பக்கமே போறதில்லன்னு மகள் சொன்னா. தினம் போறாங்கன்னு மருமக சொன்னா. அங்க ஒருத்தர் மட்டும்தான் குடிக்கிறாராம், தூள் படாத கோப்பை மட்டும் ரெண்டு. கசப்பே தெரியாம குடிச்ச ஆளைப் பத்திக் கேட்டப்ப இவர் கண்ணு மின்னிச்சு பாரு, வாடிக்கையாளரை நினைச்சு யாருக்கும் கண்ணு அப்படி மின்னாது. ருசி போன விஷயத்தைச் சொன்னா மத்தவங்க அந்தம்மாவுக்காகப் பதறுவாங்க, குடுத்தவர் மட்டும் வேற எதுக்காகவோ பதறுவார்னு நினைச்சேன்."

அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை.

"குடுத்தது அறியாமைன்னே வெச்சுக்குவோம் தம்பி. முந்தாநாள் டாக்டர் கேட்டாரே. அப்ப ஏன் இல்லன்னீங்க?"

"பயந்துட்டேன் சார். அப்புறம்... ஏதாவது சொல்லணுமேன்னு இவ பேரைச் சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் மாத்த முடியல."

அட பாவி! பெற்ற தாய் கதவுக்கு அந்தப் பக்கம் செத்துக்கொண்டிருக்கிறாள். காப்பாற்றும் ஒரு வார்த்தை இவன் வாய்க்குள் இருந்தது. இரண்டு நாள் அதை மென்று விழுங்கிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். அழுகை பொய்யில்லை என்பதுதான் இன்னும் கொடுமை. மச்சான் அவனை அடிக்கக் கையை ஓங்கினான். நிதானம் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

மாலைக்குள் கசிவு நின்றுவிட்டது. மறுநாள் மதியம் அம்மா கண் விழித்தார். பேச்சு குழறியது, ஆனால் தெளிவாக ஒரே ஒரு ஆளைக் கேட்டார்.

"மருமக யாரு?" என்று நர்ஸ் தாழ்வாரத்தில் எட்டிப் பார்த்துக் கேட்டாள். "உங்களைத்தான் கூப்பிடறாங்க. 'அவ சாப்பிட்டாளா'ன்னு கேக்கறாங்க."

தங்கை எழுந்து வழிவிட்டாள். அண்ணியின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அண்ணி கையை விலக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. உள்ளே போனாள்.

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். தோளில் பை. கணவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். தாடியும் கசங்கிய சட்டையுமாக, பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தான்.

"என்னை மன்னிச்சுடு. அம்மா பொழைச்சுட்டாங்க இல்ல? இனிமே..."

"செத்திருந்தா?" என்றாள். "நான் ஜெயில்ல இருந்திருப்பேன். நீங்க வாசல்ல நின்னு, துக்கம் கேக்க வர்றவங்களுக்கெல்லாம் கைகூப்பிட்டு இருந்திருப்பீங்க. அப்பவாவது சொல்லியிருப்பீங்களா?"

அவள் தோள் பையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். அத்தைகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். ஏன் போறேன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரல." கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தாள். "உங்க மகன் சொல்லுவாருன்னு சொல்லியிருக்கேன். காத்துட்டு இருக்காங்க. உள்ள போய் நீங்களே சொல்லுங்க."

அவன் தங்கையைப் பார்த்தான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிதானத்தைப் பார்த்தான். அவர் வழிவிட்டு நகர்ந்தார். உள்ளேயிருந்து அம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அவன் கதவைத் தாண்டி உள்ளே போனான்.